கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு கடல்: 190 வருஷக் கதை

1/ "டாக்டர், ஆசையா நீமோ மீன் ரெண்டு வாங்கினேன். ஒரே வாரத்துல செத்துப்போச்சு. என்ன வியாதியா இருக்கும்?"

போன வாரம் இன்பாக்ஸ்ல வந்த கேள்வி. நான் மனுஷங்களுக்கு மட்டும்தான் வைத்தியம் பார்க்கிறேன்னு சொல்லிட்டுப் போயிருக்கலாம். ஆனா இந்த விஷயத்துல நானும் அடிபட்டவன்.

2/ நாலு வருஷம் முன்னாடி தொட்டி, உப்பு, 2 கோமாளி மீன் எல்லாத்தையும் ஒரே நாள்ல வாங்கினேன். "உடனே விடலாம் சார், ஒண்ணும் ஆகாது"ன்னு கடையில சொன்னாங்க. அஞ்சாம் நாள் ரெண்டும் மிதந்துச்சு.

காரணம் தெரிஞ்சப்போ வெட்கமா இருந்துச்சு. வார்டுல அடிக்கடி பார்க்கிற அதே ஆளு. அம்மோனியா.

3/ கல்லீரல் கெட்டுப்போனவங்க ஏன் நினைவு தப்பி உளறுறாங்க? ரத்தத்துல ஏறுற அம்மோனியா ஒரு முக்கியக் காரணம். நல்ல கல்லீரல் அதை யூரியாவா மாத்தும், சிறுநீரகம் வெளியேத்தும்.

மீன் என்ன பண்ணும்? அம்மோனியாவை செவுள் வழியா நேரா தண்ணியில விட்டுடும். கடல்ல அது கரைஞ்சு போயிடும். 100 லிட்டர் தொட்டியில எங்க போகும்?

தொட்டிக்குக் கல்லீரல் கிடையாது. அதுக்கு ஒரு கல்லீரல் கிடைச்ச கதைதான் இந்த த்ரெட்.

4/ கதை ஒரு பெண்ல ஆரம்பிக்குது. ழான் வில்ப்ரூ-பவர். பிரான்ஸ்ல தையல் வேலை பார்த்தவங்க. கல்யாணமாகி இத்தாலியோட சிசிலி தீவுக்குப் போனாங்க.

ஆர்கோனாட்னு ஆக்டோபஸ் வகை உயிர் ஒண்ணு, ஓட்டுக்குள்ள வாழும். அந்த ஓடு அதோடதா, வேற உயிர்கிட்ட திருடினதா? விஞ்ஞானிகளுக்கே சந்தேகம். இவங்க 1832ல கண்ணாடித் தொட்டி செஞ்சு, உயிரோட வச்சுப் பார்த்து, அது தானே ஓடு கட்டுதுன்னு நிரூபிச்சாங்க.

5/ ஆனா அவங்க வீடு கடலோரம். கடல் இல்லாத ஊர்ல?

1846ல ஆன்னா தின்னு ஒரு அம்மா, இங்கிலாந்தோட டார்கீ கடற்கரையில இருந்து சில பவள உயிர்களை லண்டன் வீட்டுக்குக் கொண்டு வந்தாங்க. தண்ணி கெடாம இருக்க, பணிப்பெண் தினமும் ஜன்னல் பக்கத்துல நின்னு அந்தத் தண்ணியை ஒரு பாத்திரத்துல இருந்து இன்னொண்ணுக்கு ஆத்திக்கிட்டே இருக்கணும். நாம டீ ஆத்துற மாதிரிதான். இன்னைக்கு ஏர் பம்ப் செய்ற வேலை அது.

அந்த உயிர்கள் சுமார் 3 வருஷம் வாழ்ந்துச்சு. பணிப்பெண் பேரை வரலாறு சொல்றதில்ல.

6/ இந்தக் கதையில ஒரு டாக்டரும் உண்டு. நத்தானியல் வார்டு, லண்டன்காரர். (பேரே வார்டு!) 1829ல கூட்டுப்புழு ஒண்ணை மூடின பாட்டில்ல வச்சிருந்தார். உள்ள இருந்த மண்ணுல செடி முளைச்சு, தண்ணியே ஊத்தாம வளர்ந்துச்சு. மூடின கண்ணாடிக்குள்ள ஒரு சின்ன உலகம் தானே ஓடும்னு அதுல புரிஞ்சுது.

1850ல ராபர்ட் வாரிங்டன்ற வேதியியலாளர் இதையே தண்ணியில செஞ்சு காட்டினார். தங்கமீன், தண்ணிச்செடி, நத்தை. ஒண்ணோட கழிவு இன்னொண்ணுக்கு உணவு. அப்புறம் கடல்நீருக்கும் போனார்.

7/ 1853ல லண்டன் மிருகக்காட்சி சாலையில முதல் பொது மீன் காட்சியகம் திறந்தது. அதுல பெரிய பங்கு பிலிப் ஹென்றி காஸுக்கு. அடுத்த வருஷம் அவர் எழுதின புத்தகம்தான் 'அக்வேரியம்'ங்கிற சொல்லையே வீட்டுக்கு வீடு கொண்டு போச்சு. உப்புகளைக் கலந்து செயற்கைக் கடல்நீர் செய்யவும் வழி சொன்னார்.

கண்ணாடி வரி 1845லயே போயிடுச்சு. ரயிலும் வந்தாச்சு. மக்கள் கூடையும் உளியுமா கடற்கரைக்குக் கிளம்பிட்டாங்க.

8/ முடிவு? வீட்டுல பெரும்பாலான தொட்டி நாறிப்போச்சு. 1860களோட கடைசிக்குள்ள மோகமும் அடங்கிடுச்சு. ஆனா பாறைக்குட்டைகள் காலியாகிடுச்சு. காஸோட மகன் எட்மண்ட் 1907ல வந்த தன் நூல்ல, அப்பா எழுதின புத்தகங்களே அந்தக் கரைகளோட அழிவுக்குக் காரணமாச்சுன்னு வருந்தி எழுதினார்.

இதை ஞாபகம் வச்சுக்கோங்க. இந்தப் பொழுதுபோக்கோட நிழல் அப்பவே விழுந்துடுச்சு.

9/ நம்ம மெட்ராஸும் பின்தங்கல. 1909லயே மெரினாவுல கடல்மீன் காட்சியகம் இருந்துச்சு. இரண்டாம் உலகப்போர் சமயத்துல மூடிட்டாங்க.

10/ சரி, அந்தக் கல்லீரல்?

1890ல ரஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி மண்ணுல இருந்து சில பாக்டீரியாவைப் பிரிச்செடுத்தார். அம்மோனியாவை நைட்ரைட்டா மாத்துற கூட்டம் ஒண்ணு, நைட்ரைட்டை நைட்ரேட்டா மாத்துற கூட்டம் இன்னொண்ணு. முதல் ரெண்டும் மீனுக்கு விஷம். நைட்ரேட் பல மடங்கு சாது.

ஆனா மீன் வளர்க்கிறவங்க இதைக் கையில எடுக்க இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல ஆச்சு.

11/ 1961ல இந்தோனேசியாவின் ஜகார்த்தாவுல இருந்து லீ சின் எங் ஒரு கட்டுரை எழுதினார். அவர் தொட்டியில பெரிய கருவி எதுவும் இல்ல. கடல்ல இருந்து எடுத்த பாறைத் துண்டு, கொஞ்சம் காற்றுக்குமிழி, வெயில். பவளமே வளர்ந்துச்சு.

ரகசியம் அந்தப் பாறை. அதோட நுண்துளை பூரா பாக்டீரியா. தொட்டியோட கல்லீரல் அதுதான்! ஆனா அவர் முறை பரவலா எடுபட இன்னும் 20 வருஷம் பிடிச்சுது.

12/ அதுக்குள்ள பாக்கெட் கடல் உப்பு வந்துச்சு. கடலே பார்க்காத ஊர்லயும் தொட்டி வைக்கலாம். 'புரோட்டீன் ஸ்கிம்மர்' வந்துச்சு. அலையடிக்கிற இடத்துல நுரை ஒதுங்கும் இல்லையா, அதே வித்தை. கழிவு அம்மோனியாவா மாறுறதுக்கு முன்னாடியே நுரையோட வெளிய தள்ளிடும். கிட்டத்தட்ட டயாலிசிஸ்.

1980கள்ல பெர்லின் ஆட்கள் பாறை, ஸ்கிம்மர், பலமான விளக்கு மூணையும் சேர்த்தாங்க. வீட்டுலயே பவளத்தை வளர்த்து, வெட்டி, நட்டுப் பெருக்குற காலம் அங்க இருந்துதான் சூடு பிடிச்சுது.

13/ இப்போ அந்த நிழல் பக்கம். 1960கள்ல இருந்து பிலிப்பைன்ஸ் கடல்ல அழகு மீன் பிடிக்க சயனைடு அடிச்சாங்க. மீன் மயங்கும், பிடிக்கிறது சுலபம். சயனைடு என்ன செய்யும்னு மருத்துவம் படிச்ச யாருக்கும் தெரியும். ரத்தத்துல ஆக்சிஜன் இருந்தும் செல் அதைப் பயன்படுத்த முடியாது. தப்பிச்ச மீன் பல, கடைக்கோ வீட்டுக்கோ வந்தபிறகு சாகும். சுத்தியிருந்த பவளமும் சாகும்.

14/ மருந்து குஞ்சுப் பண்ணைதான். 1970கள்ல அமெரிக்காவுல கோமாளி மீனைப் பண்ணையில பொரிக்க வச்சு விற்க ஆரம்பிச்சாங்க. 2003ல நீமோ படம் வந்து ஊரே அந்த மீனைக் கேட்டப்போ, கைவசம் அந்த வழி இருந்துச்சு. 2015ல ஹவாயில மஞ்சள் டேங், 2016ல ஃபுளோரிடாவுல நீல டேங் (அதாங்க, டோரி).

நம்ம மண்டபத்துல மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையமும், பரங்கிப்பேட்டையில அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் கோமாளி மீன் குஞ்சு பொரிச்சுக் காட்டியிருக்காங்க.

15/ முக்கியமான சட்டம். இந்தியாவுல கல்பவளம், கடல்குதிரை எல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோட முதல் அட்டவணையில வருது. புலிக்கு இருக்கிற அதே பாதுகாப்பு. நம்ம கடல்ல இருந்து எடுத்த பவளத்தை, செத்த துண்டா இருந்தாலும், வாங்காதீங்க. செராமிக் கல் போதும். பாக்டீரியாவுக்கு வீடு கிடைச்சா சரி, பவளம்தான் வேணும்னு அது கேக்காது.

16/ புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு என் மருந்துச்சீட்டு:

• ஆர்.ஓ. தண்ணி + கடல் உப்பு. லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்புத்தன்மை. கல் உப்பு, சமையல் உப்பு கூடாது.
• வெப்பம் 25–27 டிகிரி. நம்ம ஊர் மே மாசத்துக்கு ஃபேன் கட்டாயம்.
• மீன் இல்லாம 4–6 வாரம் ஓட விடுங்க. அம்மோனியா மூலத்துக்கு ஒரு சிட்டிகை மீன் தீனி.
• டெஸ்ட் கிட்ல அம்மோனியா 0, நைட்ரைட் 0 வந்தாதான் முதல் மீன்.
• பண்ணையில பொரிச்சதான்னு கேட்டு வாங்குங்க.

17/ டாக்டரா ஒரு எச்சரிக்கை. கையில வெட்டுக்காயத்தோட தொட்டிக்குள்ள கை விடாதீங்க. காசநோய்க் கிருமியோட சொந்தக்காரன் ஒருத்தன் (மைகோபாக்டீரியம் மரைனம்) மீன் தொட்டியில வாழ்வான். விரல்ல ஆறாத கட்டி வந்தா, "வீட்டுல மீன் தொட்டி இருக்கு"ன்னு டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க. நீங்க சொல்லலைன்னா எங்களுக்குத் தோணாமலே போகலாம்.

18/ அந்த இன்பாக்ஸ் தம்பிக்கு: உங்க மீனுக்கு வியாதி இருந்துச்சான்னு பார்க்காம சொல்ல முடியாது. ஆனா புதுத் தொட்டின்னா, என் முதல் சந்தேகம் அம்மோனியா மேலதான். தொட்டியைத் தூக்கிப் போட்றாதீங்க. தண்ணியைச் சோதிங்க, ஒண்ணரை மாசம் பொறுங்க. கண்ணுக்குத் தெரியாத அந்த உயிரை முதல்ல வளருங்க, மீன் தானா வளரும்.

என் ரெண்டாவது ஜோடிக்கு இப்போ மூணு வயசு தாண்டிடுச்சு.

சந்தேகம் இருந்தா கீழ கேளுங்க.