தீவுப் புகையும் காலிப் பீப்பாயும்

முன் டிஸ்கி: குடி குடியைக் கெடுக்கும். இது குடிக்கச் சொல்லும் பதிவு அல்ல, சரித்திரப் பதிவு. தங்கமணி நம்பவும்!

வடக்கேயிருந்து மாற்றலாகி போர்ட் பிளேருக்கு (2024-லிருந்து ஸ்ரீ விஜயபுரம்) வந்த சக அதிகாரி ஒருவர் ஒரு பாட்டில் கொண்டுவந்தார். ஹரியானாவில், கர்னால் மாவட்டத்து இந்திரியில் செய்த சிங்கிள் மால்ட். 2023 தீபாவளிப் பதிப்பு. அந்த வருஷம் ஒரு சர்வதேசப் போட்டியில் முதலிடம் வாங்கியது. நம் பத்திரிகைகள் உடனே 'உலகின் சிறந்த விஸ்கி' என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டன. ஒரு போட்டியில் முதலிடம், அவ்வளவுதான்.

ஆல்கஹால் 56.2 சதவீதம், அதனால் கொஞ்சம் தண்ணீர் கலந்தே ருசி பார்த்தேன். முதலில் மழைக்கால விறகடுப்புப் புகை. அடுத்து உலர்ந்த திராட்சை, பேரீச்சை. புகைபடிந்த பழைய சமையலறையில் யாரோ பாயசத்துக்குத் திராட்சை வறுத்த மாதிரி இருந்தது. புகையும் தித்திப்பும் எப்படி ஒன்று சேர்ந்தன என்று தோண்டினேன். கிடைத்தது முழுக்க சிக்கனத்தின் கதை.

முதலில் புகை. பீட் என்பது சதுப்பில் பாசியும் செடியும் ஆயிரக்கணக்கான வருஷமாக மட்கி இறுகிய மண். நெய்வேலி பழுப்பு நிலக்கரிக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் நீலகிரி மலைச் சதுப்புகளிலும் உண்டு. ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் மரம் குறைவு, நிலக்கரி வெளியிலிருந்து வரவேண்டும். அதனால் காலடியில் கிடைத்த பீட்டை வெட்டி, காயவைத்து, முளைகட்டிய பார்லியை உலர்த்த எரித்தார்கள். புகை தானியத்தில் ஏறியது. ருசிக்காக யாரும் செய்யவில்லை, வேறு எரிபொருள் இல்லை. கப்பல் தாமதமானால் காய்கறி விலை ஏறும் ஊரில் இருக்கும் எனக்கு இது நன்றாகவே புரிகிறது.

பீப்பாய் கதை இன்னும் சுவாரசியம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டன்காரர்கள் ஸ்பெயின் ஷெர்ரியையும் போர்ச்சுக்கல் போர்ட் ஒயினையும் பீப்பாய் பீப்பாயாக இறக்குமதி செய்தார்கள். ஒயின் தீர்ந்ததும் காலிப் பீப்பாயைத் திருப்பி அனுப்பினால் கப்பல் கூலி தண்டம். விஸ்கிக்காரர்கள் மலிவாக வாங்கிச் சரக்கை ஊற்றி வைத்தார்கள். மரத்தில் ஊறியிருந்த தித்திப்பு விஸ்கியில் இறங்கியது. எங்கள் பாஷையில் சொன்னால், ஸ்கிராப் மதிப்புக்கு வாங்கிய பொருள் மூலதனச் சொத்தாகிவிட்டது!

1980-களில் ஷெர்ரியை ஸ்பெயினிலேயே பாட்டிலில் அடைக்க வேண்டும் என்றாகி, காலிப் பீப்பாய் வரத்து நின்றது. இப்போது விஸ்கிக்காகவே புதுப் பீப்பாய் செய்து, அதில் ஒன்றிரண்டு வருஷம் ஷெர்ரி ஊற்றிப் பதப்படுத்தி விற்கிறார்கள். அட்டைப்பெட்டிக்காக மாம்பழம் வாங்குவது போல. இந்திரிக்காரர்கள் பயன்படுத்தியது பெத்ரோ ஹிமெனெஸ் என்ற வகை ஷெர்ரியின் பீப்பாய். அந்தத் திராட்சையை வெயிலில் காயவைத்த பிறகுதான் பிழிவார்கள். பாயசத் திராட்சை வாசனை அங்கிருந்து வந்தது.

இனி நம் நாடு. 'இந்திய விஸ்கி' என்று விற்பதில் பெரும்பகுதி கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து வடித்த சாராயத்தில் கொஞ்சம் மால்ட் கலந்தது. ஐரோப்பாவில் அதை விஸ்கி என்று விற்க முடியாது. அந்தப் பெயரைச் சுமந்துகொண்டுதான், 1948-ல் தொடங்கிய பெங்களூரு அம்ருத் நிறுவனம் 2004-ல் தன் சிங்கிள் மால்ட்டை ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலேயே கொண்டுபோய் அறிமுகம் செய்தது. திருநெல்வேலிக்கே அல்வாவா என்று கேட்கத் தோன்றும். 2009-ல் வந்த அம்ருத் ஃபியூஷன், இந்திய பார்லியோடு ஸ்காட்லாந்தில் பீட் புகையேற்றிய பார்லியையும் சேர்த்தது. விமர்சகர் ஜிம் மர்ரே தன் 2010 விஸ்கி கையேட்டில் அதற்கு 97 மதிப்பெண் போட்டு, உலகின் மூன்றாவது இடத்தில் வைத்தார். அதற்குப் பிறகுதான் நம் ஊர்க்காரர்களே திரும்பிப் பார்த்தார்கள். வெளிநாட்டுச் சான்றிதழ் இல்லாமல் எதையும் மதிக்காத நம் வழக்கத்தை என்ன சொல்வது!

இதில் என்னைப் போன்ற பி.காம். ஆசாமிக்குப் பிடித்தது தேய்மானக் கணக்குதான். பீப்பாயிலிருந்து வருஷாவருஷம் கொஞ்சம் ஆவியாகிப் போகும். 'தேவதைகளின் பங்கு' என்பார்கள். ஸ்காட்லாந்தில் சுமார் 2 சதவீதம். பெங்களூரில் 10-க்கும் மேல். 100 லிட்டரை 8 வருஷம் வைத்தால் அங்கே 85 லிட்டர் மிஞ்சும். இங்கே 10 சதவீதம் என்றே வைத்தாலும் 43 தான். அம்ருத் 2013-ல் வெளியிட்ட 8 வருஷ மால்ட்டுக்கு 'கிரீடி ஏஞ்சல்ஸ்', அதாவது பேராசைக்காரத் தேவதைகள், என்றே பெயர் வைத்தார்கள். ஆனால் அதே வெயில்தான் மரத்தின் சாரத்தையும் சீக்கிரம் இழுக்கிறது. நாலைந்து வருஷத்தில் நன்றாகவே பக்குவப்பட்டுவிடுகிறது. இந்திய மால்ட் பாட்டில்களில் 12, 18 என்று வயது எண் அபூர்வமாகவே தென்படுவது இதனால்தான். அத்தனை வருஷம் காத்திருந்தால் பாட்டிலில் ஊற்ற அதிகம் இருக்காது.