கபிரிஞ்ஞா: மட்டக்களப்பு வாவிக்கரைப் பறங்கியர் இசை

கபிரிஞ்ஞா என்பது இலங்கையின் கிழக்குக் கரையில், முதன்மையாக மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும், போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர் தம் திருமண வீடுகளில் வாசித்து ஆடும் இசை. இன்று நாடு முழுவதும் பாடப்படும் பைலா இதன் வழித்தோன்றல். மேற்கு ஆபிரிக்காவின் கானாவில் உருவான ஹைலைஃப் இசைக்கு நம் பக்கத்தில் உறவு தேடினால், அது இந்த வாவிக்கரையில்தான் கிடைக்கும்.

இரண்டு இசைகளும் கோட்டை வாசலில் பிறந்தவை. கானாக் கரையில் எல்மினாக் கோட்டையைப் போர்த்துக்கேயர் 1482இல் கட்டினர். மட்டக்களப்பு வாவிக்குள் இருக்கும் புளியந்தீவில் அவர்களுடைய கோட்டை 1628இல் எழுந்தது. 1637இல் ஒல்லாந்தர் எல்மினாவைப் பிடித்தனர். மறு ஆண்டே, கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனுடன் சேர்ந்து மட்டக்களப்புக் கோட்டையையும் பிடித்தனர். பின்னர் இரண்டும் ஆங்கிலேயர் வசமாயின. ஒரே மூன்று கொடிகளின் கீழ் இருந்த இரண்டு கரைகளிலும் சிப்பாய்களும் மாலுமிகளும் அடிமைகளும் தங்கள் பாட்டைக் கொண்டுவந்து இறக்கினார்கள்.

இலங்கைக்கு வந்தவர்களுள் காப்பிரிகள் எனப்பட்ட ஆபிரிக்கர் முக்கியமானவர்கள். போர்த்துக்கேயர் இவர்களைப் படைவீரராகவும் வேலையாட்களாகவும் கொண்டுவந்தனர். ஒல்லாந்தர் காலத்திலும் வரவு நிற்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் மொசாம்பிக்கிலிருந்தும் கோவாவிலிருந்தும் ஆட்களைச் சேர்த்துத் தங்கள் இலங்கைப் படைப்பிரிவுகளில் நிறுத்தினர். கபிரிஞ்ஞா என்ற பெயர் இவர்களிடமிருந்தே வந்தது. அதன் ஆறு-எட்டுத் தாளத்தை, நம் இசை வழக்கில் சொன்னால் திஸ்ர நடையை, ஆய்வாளர்கள் இவர்களோடு சேர்த்தே பேசுகிறார்கள். இவர்களின் வழிவந்தோர் இன்று புத்தளம் மாவட்டத்தின் சிராம்பியடியில் ‘மாஞ்ஞா’ என்னும் பாட்டைப் பாடிவருகிறார்கள்.

ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்கம் ஒடுக்கப்பட்டது. ஆனாலும் போர்த்துக்கேய மொழி வீடுகளில் தங்கிவிட்டது. ஒல்லாந்தர் குடும்பங்களிலேயே அது புழங்கியது. மட்டக்களப்பில் அம்மொழி தமிழரோடும் முஸ்லிம்களோடும் அன்றாடம் உறவாடி வளர்ந்தது. 1970களில் இங்கே கள ஆய்வு செய்த மொழியியலாளர் இயன் ஸ்மித், சொற்கள் போர்த்துக்கேயமாகவே நிற்க, வாக்கிய அமைப்பு தமிழை ஒட்டி மாறியிருப்பதைக் காட்டினார். வினைச்சொல் தமிழில் போலவே இறுதியில் வருகிறது. வேற்றுமைகளைப் பெயருக்குப் பின்னால் வரும் உருபுகள் உணர்த்துகின்றன. நானூறு ஆண்டு அயலுறவின் ஆழத்துக்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

பாடல்களின் பழைமையை அறிய நமக்கு வாய்த்த பெரும் புதையல் இலங்கைக் குடியியற் சேவை அதிகாரி ஹியூ நெவில் திரட்டிய கையெழுத்துப்படி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த அது பிரித்தானிய நூலகத்தில் உள்ளது. நாலடிச் செய்யுள்களாலான அத்தொகுப்பின் ஒரு பகுதி மட்டக்களப்புப் பாடல்கள் என்றே தலைப்பிடப்பட்டிருக்கிறது. இன்னொரு பகுதி கபிரிஞ்ஞாவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1990இல் இதை ஆராய்ந்து நூலாக வெளியிட்ட கென்னத் டேவிட் ஜாக்சன், இப்பாடல்களை ஆசியாவின் ஏனைய போர்த்துக்கேயக் கிரியோல் (கலப்பு மொழி) பாடல்களோடு பொருத்திப் பார்த்தார். ‘சிங்கலே நோனா’ என்று இலங்கையில் வழங்கும் பாட்டின் உடன்பிறப்பு மலாக்காவில் ‘ஜிங்க்லி நோனா’ என்ற பெயரில் இன்றும் பாடப்படுகிறது.

ஆங்கிலேயர் காலம் இன்னோர் அடுக்கைச் சேர்த்தது. ஐரோப்பிய நடன அரங்குகளில் புகழ்பெற்றிருந்த ‘லான்சர்ஸ்’ என்னும் குழு நடனத்தை மட்டக்களப்புப் பறங்கியர் தமதாக்கிக் கொண்டனர். அது பிறந்த நாட்டில் வழக்கொழிந்த பிறகும் இங்கே திருமணங்களில் நிலைத்தது. இணை இணையாக நின்று ஆடும் கபிரிஞ்ஞாவில் வயலின் முன்செல்லும். கிட்டாரும் தட்டும் கருவிகளும் துணைவரும். அண்மைக் காலத்தில் கீபோர்டும் சேர்ந்திருக்கிறது. தச்சர், கொல்லர், தையற்காரர் என்று கைத்தொழிலால் வாழ்ந்த சமூகம் இது. இந்த இசைக்கு அரண்மனையும் இல்லை, சபாவும் இல்லை. கல்யாண வீடுதான் அதன் பள்ளிக்கூடம்.

ஹைலைஃப் வேறு பாதையில் போனது. மேற்கிந்தியப் படைவீரரின் ஊதுகுழல் இசை, குரூ இன மாலுமிகளின் இருவிரல் கிட்டார், உள்ளூர்த் தாளங்கள் ஆகியவை கலந்து உருவான அது விரைவிலேயே இசைத்தட்டு ஏறியது. ‘குமாசி ட்ரியோ’ 1928இலேயே லண்டனில் பாடிப் பதிவு செய்தது. ஐம்பதுகளில் ஈ. டி. மென்சா அதை மேற்கு ஆபிரிக்கா முழுவதும் எடுத்துச் சென்றார். விடுதலை பெற்ற கானா அதைத் தன் இசையாகவே கொண்டாடியது.

கபிரிஞ்ஞாவுக்கு அந்தப் பேறு கொழும்பில், வேறு மொழியில், வேறு பெயரில் வாய்த்தது. பொலிஸ்காரராக இருந்த வொலி பெஸ்டியன் (1914-1985) நாற்பதுகளின் இறுதியில் அதன் தாளத்துக்குச் சிங்கள வரிகளை இட்டுப் பாடினார். பைலாவின் தந்தை என்று அவரைப் போற்றுகிறார்கள். அவருக்குப் பின் எம். எஸ். பெர்னாண்டோ, அன்ரன் ஜோன்ஸ், ‘ஜிப்சீஸ்’ குழுவின் சுனில் பெரேரா என்று வரிசை நீள்கிறது. கரிபியன் கலிப்சோ அக்காலத்தில் ஹைலைஃபுக்குள்ளும் பைலாவுக்குள்ளும் ஒருசேரப் புகுந்தது. தமிழில் நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் ‘பொப்’ பாடல்களாக இதே துள்ளலைத் தந்தனர். மனோகரன் பாடிப் புகழ்பெற்ற ‘சுராங்கனி’ 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தின் வழியே தமிழ்நாட்டுத் திரையையும் எட்டியது. அதைக் கேட்டு ஆடிய தமிழர் பலர் அந்தத் தாளத்தின் ஊர் மட்டக்களப்பு என்பதை அறியவில்லை. பைலா வரலாற்றைப் பெஸ்டியனிலிருந்து தொடங்கும் வழக்கம் இந்த மறதியை வளர்த்துவிட்டது. யாழ் நூல் தந்த விபுலாநந்தரின் இந்த வட்டாரத்தில், கூத்தையும் வசந்தன் ஆட்டத்தையும் பேசும் இசை வரலாறு பறங்கியர் வயலினையும் சேர்த்தே எழுதப்பட வேண்டும்.

அறுபதுகளுக்கு முன்னும் பின்னும் தொடர்ந்த அவுஸ்திரேலியக் குடிபெயர்வும், பின்னர் உள்நாட்டுப் போரும் வாசிப்போர் தொகையைக் குறைத்தன. 2004 டிசம்பர் 26இன் கடற்கோள், பறங்கியர் செறிந்து வாழ்ந்த கல்லடி டச்பார் கரையைச் சிதைத்தது. பல குடும்பங்கள் உயிர்களை இழந்தன. மிஞ்சியோர் மீண்டும் வயலினை எடுத்தார்கள். கடந்த பத்தாண்டில் லிஸ்பன் பல்கலைக்கழகத்தின் ஹியூகோ கார்டோசோ தலைமையிலான குழுவினர், இசையாய்வாளர் மகேஷ் ராதாகிருஷ்ணனுடன் சேர்ந்து, மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் இம்மக்களின் பேச்சையும் பாட்டையும் ஆட்டத்தையும் ஒலி, ஒளிப் பதிவாக்கினர். அப்பதிவுகள் அழியும் மொழிகளுக்கான இணையக் காப்பகத்தில் சேர்க்கப்பட்டுள்ளன.