கடமையா, அறிவுரையா?

கணியம்பாடிக்கு அண்மையிலுள்ள வேலூரின் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் அரபிக் கல்லூரியில் பயின்ற அப்துல் ஹமீது பாகவி, திருக்குர்ஆனைத் தமிழில் பெயர்த்தவர். அதன் இரண்டாம் அத்தியாயம் 241ஆம் வசனத்தில் நாம் பலமுறை தயங்கி நின்றதுண்டு. மணவிலக்கான பெண்களுக்கு நியாயமாக வழங்குதல் இறையச்சமுடையோர்க்குக் கடமை என்பது அதன் கருத்து.

‘இறையச்சமுடையோர்’ என்னும் அச்சொல்லைப் பற்றி ஒரு மூதாட்டியின் வாழ்வு ஊசலாடிற்று. இந்தூர் ஷா பானு 1978இல் மாதம் 500 ரூபாய் கேட்டு வழக்குத் தொடுத்தார். வழக்கு நடக்கையிலேயே கணவர் மணவிலக்குச் செய்தார். (அவர் வழக்கறிஞர்!) நடுவர் வழங்கியதோ 25 ரூபாய். உச்ச நீதிமன்றத்தில், அவ்வசனம் இறையச்சத்தில் மேம்பட்டோர்க்கான அறநெறியே, அனைவர்க்குமான சட்டமன்று என முஸ்லிம் தனிச்சட்ட வாரியத்தின் சார்பில் வாதிடப்பட்டது. 1985 ஏப்ரல் 23 அன்று நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்க மறுத்தது.

கட்டளை வேறு, நற்செய்தி அறிவுரை வேறு எனக் குருமடத்தில் கற்ற நமக்கு இவ்வாதம் புதியதன்று. எனினும் அறிவுரை என்பது ஒருவர் தமக்குரியதைத் துறப்பதற்கு வழி. பிறர் உணவைத் தம் விருப்பத்திற்கு விடுவதற்கன்று.

1986ஆம் ஆண்டுச் சட்டம், ‘இத்தா’ எனும் காத்திருப்புக் காலத்திற்குள் நியாயமான ஏற்பாடு செய்யப் பணித்தது. அவ்வேற்பாடு அவள் எதிர்காலத்திற்கும் உரியதாதல் வேண்டும் என 2001இல் டேனியல் லத்தீபி வழக்கில் உச்ச நீதிமன்றம் பொருள் கண்டது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவும் அவளுக்கு உண்டென 2024இல் மீண்டும் உறுதிசெய்தது.

இவற்றை ஷா பானு காணவில்லை. எதிர்ப்புக்கிடையே 1985 இறுதியில் தம் தீர்ப்பைத் தாமே மறுத்துரைத்து, 1992இல் மறைந்தார்.