ஹோபளிப் பள்ளியிலிருந்து ஒருங்கிணைந்த வளாகம் வரை

பெங்களூரில் 1837இல் பிறந்த பெஞ்சமின் லூயிஸ் ரைஸ், 'எபிகிராஃபியா கர்னாடிகா' தொகுதிகளின் பதிப்பாசிரியராகவே ஆய்வுலகில் அறியப்படுகிறார். பெங்களூர் மாவட்டத் தமிழ்க் கல்வெட்டுகள் பலவும் இடம்பெற்ற ஒன்பதாம் தொகுதி (1905) மொழியியல் மாணவர்களுக்குப் பழக்கமானது. அவர் மைசூர்க் கல்வித்துறையில் அதிகாரியாக இருந்து, 1868இல் ஹோபளிப் பள்ளித் திட்டத்தை முன்வைத்தவர் என்பது அதிகம் பேசப்படுவதில்லை.

ஹோபளி என்பது தாலுகாவின் உட்பிரிவு; தமிழ்நாட்டின் பிர்காவுக்கு, அதாவது வருவாய்க் குறுவட்டத்துக்கு இணையானது. ஒரு ஹோபளிக்குள் பல சிற்றூர்கள் அடங்கும். அதுவரை கூலி மடங்கள் எனப்பட்ட திண்ணைப் பள்ளிகளையே நம்பியிருந்த நாட்டுப்புறத்துக்கு, ஹோபளிக்கு ஒரு பள்ளி என்பது அரசுக் கல்வி அருகில் வந்ததன் அடையாளம். இருபதாம் நூற்றாண்டில் பள்ளி ஹோபளித் தலைமையூரிலிருந்து சிற்றூருக்கு நகர்ந்தது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தையொட்டிய விதிகள் தொடக்கப் பள்ளிக்கான தொலைவை 1 கிலோமீட்டராக வரையறுத்தன.

இன்று போக்கு எதிர்த்திசையில் உள்ளது. ஆங்கிலவழித் தனியார் பள்ளிகள், நகர்நோக்கிய இடப்பெயர்வு, பிறப்பு விகிதச் சரிவு ஆகியவற்றால் சிற்றூர்ப் பள்ளிகளில் சேர்க்கை குறைகிறது. மழலை வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரை ஒரே வளாகத்தில் நடத்தும் 'கர்நாடக பப்ளிக் பள்ளிகள்' மாற்றாக முன்வைக்கப்படுகின்றன. ஆய்வகம், நூலகம், பாடத்துக்கொரு ஆசிரியர் என்னும் வாதங்களைப் புறந்தள்ள இயலாது. ஐந்து வகுப்புகளை ஓராசிரியர் நடத்தும் நிலையை எவரும் இலட்சியமாகக் கொள்வதில்லை.

எனினும் இதே மாநிலம் வேறொரு விடையையும் கண்டது. 1995இல் மைசூர் மாவட்டத்தின் ஹெக்கடதேவனகோட்டை தாலுகாவில் தொடங்கிய 'நலி-கலி' முறை, பல வகுப்புக் குழந்தைகள் ஓரறையில் அமர்வதைக் குறையாகக் கருதாமல் அதற்கேற்பக் கற்பித்தலை மாற்றியமைத்தது. ரிஷிவேலிப் பள்ளியின் அனுபவம் அதற்கு வழிகாட்டியது. சிறிய பள்ளி தன்னளவிலேயே தரமற்றது என்னும் முடிவை இம்முயற்சி கேள்விக்குள்ளாக்குகிறது.

1868இல் ஹோபளித் தலைமையூர்வரை நடக்க வேண்டியிருந்தது புதிய வாய்ப்பு. வீட்டருகே பள்ளி கண்ட தலைமுறைக்கு அதே தொலைவு இழப்பு. இணைப்பின் பயனை வளாகத்தின் அளவைக் கொண்டு மட்டும் மதிப்பிட முடியாது. மூடப்பட்ட பள்ளியின் இறுதிச் சேர்க்கைப் பதிவேட்டையும் அடுத்த ஜூனில் புதிய பள்ளியின் வருகைப் பதிவேட்டையும் பெயர் பெயராக ஒப்பிட வேண்டும். விடுபடும் பெயர்களில் சிறுமியர் எத்தனை, ஆறு வயதினர் எத்தனை என்பதே முதலில் கேட்கப்பட வேண்டிய கேள்வி.