தோம்பு முதல் இணையம் வரை

அரசு ஒன்று தன் குடிகளை அறிந்துகொள்ள விரும்புவது புதுமையன்று. எவர் எங்கே வாழ்கின்றார், எவரிடம் எவ்வளவு நிலமுண்டு என்பவற்றை அறியாமல் வரி கொள்ளவும் இயலாது, காவல் செய்யவும் இயலாது. திருக்குறளின் 59ஆம் அதிகாரம் 'ஒற்றாடல்' என அமைந்திருப்பதே இதற்குச் சான்றாகும். ஆயினும் வள்ளுவர் அங்கே ஓர் எல்லையும் வகுக்கின்றார். ஒற்றர் மூவர் ஒருவரையொருவர் அறியாமல் கூறும் செய்தி ஒத்திருந்தாலன்றி அதனை நம்பலாகாது என்பது அவர் கருத்து. வேவு பார்ப்பவனும் மனிதனே, அவன் கண்ணும் பிழைபடும் என்ற தெளிவு அன்றே இருந்தது.

இலங்கையில் எழுத்து மூலமான பதிவைப் பெரிய அளவிற் புகுத்தியவர் போர்த்துக்கேயரும், அவர்க்குப்பின் வந்த ஒல்லாந்தருமாவர். அவர்கள் வைத்த பதிவேடு 'தோம்பு' எனப்பட்டது. நிலத்துக்கு ஒரு தோம்பு, ஆட்களுக்கு ஒரு தோம்பு. யாழ்ப்பாணக் குடாநாட்டில் அதன் கை ஆழப் பதிந்த அளவுக்கு வன்னிக்காட்டிற் பதியவில்லை. வன்னிமைகளிடம் ஒல்லாந்தர் பெரிதும் எதிர்பார்த்தது யானைத் திறை. ஆள் எண்ணுவதினும் யானை எண்ணுவதே அங்கே அவர்க்கு இலாபமாயிருந்தது போலும்! பின்னர் ஆங்கிலேயர் 1871ஆம் ஆண்டில் நாடு முழுவதும் குடிசனக் கணக்கெடுத்தனர். ஊர்தோறும் விதானையார் இருந்தார். 1963இல் அப்பதவி ஒழிந்து கிராம சேவகர் வந்தார்.

கிளிநொச்சி நகருக்குத் தென்மேற்கே, குளத்தை நம்பி வாழும் அக்கராயன் போன்ற ஊரிலே விதானையார் எல்லோரையும் அறிவார். எல்லோரும் விதானையாரை அறிவர். அவர் எதை எழுதினார், யார் சொல்லி எழுதினார் என்பது மாலைக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். பார்ப்பவனைப் பார்க்கப்படுபவனும் பார்த்துக்கொண்டிருந்தான். இத்தகைய ஊரிற் பெயர் மறைத்து வாழ்தல் அரிது. மறைக்க விரும்பியவர் மொட்டைக் கடிதம் எழுதினர். அதனை நாம் இகழ்கின்றோம். அவதூறு பரப்பியவையும் அவற்றுள் உண்டு. ஆனால், வலியவன் செய்த கொடுமையை மெலியவன் மேலிடத்துக்கு அறிவிக்க வேறு வழியில்லாத நாள்களும் இருந்தன என்பதை மறத்தலாகாது.

போர்க்காலத்திற் பதிவு என்னும் சொல்லுக்கு வன்னியில் வேறு பொருள் உண்டாயிற்று. 1990களில் வன்னியை விட்டு வெளியேற விரும்பியவர் விடுதலைப் புலிகளிடம் அனுமதி பெறவேண்டும். அவ்வனுமதியோடு வவுனியாவை அடைந்தவர் அங்கே தங்குவதற்கு அரச படையினரிடம் மற்றொரு 'பாஸ்' பெறவேண்டும். ஒரே மனிதன், இரு ஏடுகள். இரண்டிலும் அவன் ஐயத்துக்குரியவன். 2009இற் போர் முடிந்தபின் வவுனியாவின் முகாம்களில் அடைக்கப்பட்ட ஏறத்தாழ 3 இலட்சம் மக்களும் மீண்டும் பதியப்பட்டனர்.

மீளக் குடியேறிய பின்னரும் அது ஓயவில்லை. 2011ஆம் ஆண்டின் முற்பகுதியில், யாழ்ப்பாணம், கிளிநொச்சி மாவட்டங்களில் இராணுவத்தினர் வீடு வீடாகச் சென்று குடும்ப விபரங்களைத் திரட்டினர். எந்தச் சட்டத்தின்கீழ் இது நடைபெறுகின்றது என்ற வினா எழுந்தது. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் அடிப்படை உரிமை மீறல் மனுவொன்றை உயர் நீதிமன்றத்திற் சமர்ப்பித்தனர். அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில், அப்பதிவு நிறுத்தப்படும் என்று சட்டமா அதிபர் தரப்பு நீதிமன்றத்துக்கு உறுதியளித்தது. இதனை நான் சிறு நிகழ்ச்சியாகக் கருதவில்லை. படலையடியிற் படிவத்தோடு ஒருவர் வந்து நின்றார். அவரைக் கண்டதனாலேயே கேள்வி கேட்க முடிந்தது. எதிர்மனுதாரர் யார் என்பது தெரிந்திருந்தது.

இப்பொழுது படலைக்கு வெளியே எவரும் நிற்பதில்லை. போருக்குப்பின் வன்னியில் எழுந்த கைத்தொலைபேசிக் கோபுரங்களோடு இணையமும் வந்து சேர்ந்தது. கைத்தொலைபேசிக்குரிய சிம் அட்டையைப் பெறுவதற்குத் தேசிய அடையாள அட்டை வேண்டும். 1968ஆம் ஆண்டின் ஆட்பதிவுச் சட்டத்தின்வழி வந்த அந்த அட்டையின் இலக்கமே ஒரு சிறு தோம்பு. பழைய இலக்கத்தின் முதலிரு எண்கள் பிறந்த ஆண்டைச் சொல்லும். அடுத்த மூன்று எண்கள் அவ்வாண்டில் எத்தனையாவது நாள் என்பதைச் சொல்லும். பெண்ணாயின் அத்துடன் 500 கூட்டப்பட்டிருக்கும். ஆகவே, இணையத்திற் புனைபெயர் சூடியவர் தொலைபேசி இலக்கத்தில் தம் பிறந்தநாள் வரை கட்டுண்டிருக்கின்றார்.

இவை உள்நாட்டுக் கயிறுகள். கடலுக்கடியிலும் ஒரு வலை உண்டு. அமெரிக்கரான எட்வேர்ட் சுனோடன் 2013 ஜூனில் வெளிப்படுத்திய ஆவணங்கள், பிரித்தானியாவின் ஜீ.சீ.எச்.கியூ. என்னும் ஒற்று நிறுவனம், அந்நாட்டைத் தொடும் கண்ணாடியிழை வடங்களிலே செல்லும் செய்திகளை மொத்தமாக அள்ளிவந்ததைக் காட்டின. குற்றவாளியைத் தேடி அவன் கடிதத்தைப் பிரிப்பது ஒன்று. எல்லோருடைய கடிதங்களையும் சேர்த்து வைத்துக்கொண்டு குற்றவாளியைத் தேடுவது மற்றொன்று. அக்கராயனில் இருக்கும் தாய் இலண்டனில் வாழும் மகனுடன் பேசும் பேச்சும் அவ்வடங்களின் வழியேதான் செல்கின்றது. இங்கே ஒரு விந்தையையும் சொல்லவேண்டும். இணையத்திற் சென்ற தடத்தை மறைப்பதற்கெனத் 'தோர்' என்னும் ஏற்பாடு உண்டு. வெங்காயத் தோல்போல் அடுக்கடுக்காய் மூடுவது அதன் முறை. அம்முறை 1990களில் உருவானது அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுகூடத்திலேயே!

பிரித்தானியாவின் மொத்த ஒட்டுக்கேட்பைப் பற்றிய வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை சென்றது. முன்னிருந்த முறை தனிவாழ்வுரிமையை மீறியது என்று 2021 மே 25இல் அதன் பேராயம் தீர்ப்பளித்தது. வெளிநாட்டில் வாழ்பவர் இவ்வாறு முறையிடலாமா என்ற ஐயம் அப்போதும் எஞ்சியிருந்தது. 2023 செப்டெம்பரில் அதே நீதிமன்றம் அதற்கும் விடை கூறிற்று. முறையிட்ட இருவரும் பிரித்தானியாவுக்கு வெளியே வாழ்பவர். செய்தி பிரித்தானிய மண்ணிலே இடைமறிக்கப்படுமாயின், அதற்குரியவர் எந்நாட்டில் இருப்பினும், அந்நாடு பொறுப்புக் கூறவேண்டும் என்பது தீர்ப்பு. அவ்வழக்கிலே வென்றவர்கள் ஐக்கிய அமெரிக்காவிலும் ஜேர்மனியிலும் இருந்தவர்கள். அக்கராயனிலிருந்து இதுகாறும் எவரும் அங்கே சென்றதாக நாம் கேள்விப்படவில்லை.