மெட்டு ஏறும் ஜீப்: ஒரு வண்டி நீண்ட கதை

கம்பம், போடி, தேவாரம் பக்கம் விடியற்காலை ரோட்டோரம் நின்று பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கம். தலையில் துண்டு, கையில் தூக்குவாளி, தோளில் ஒரு பை என்று பெண்கள் கூட்டமாக நிற்பார்கள். ஒரு ஜீப் வரும். ஏறுவார்கள். இனிமேல் இடமே இல்லை என்று நமக்குத் தோன்றிய பிறகும் நாலு பேர் ஏறுவார்கள். வண்டி மலையைப் பார்த்துக் கிளம்பிவிடும். இடுக்கிப் பக்கத்து ஏலத்தோட்டத்தில் காய் எடுத்துவிட்டு, சாயங்காலம் அதே ஜீப்பில் இறங்குவார்கள்.

ஆஃப்-ரோடு வண்டி கட்டுவது இப்போது பெரிய பொழுதுபோக்கு. பெரிய டயர், முன்னால் வின்ச், தூக்கிக் கட்டின சஸ்பென்ஷன், அப்புறம் சேத்துல ஓட்டி ஒரு வீடியோ. தப்பில்லை, எனக்கும் பார்க்கப் பிடிக்கும். ஆனா அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு இந்த ஜீப்தான் ஞாபகத்துக்கு வருது. மலைக்கென்று மாற்றிக் கட்டி, தினமும் மலையிலேயே சோதிக்கப்பட்ட வண்டி இது. கொஞ்ச நாளாகச் சேர்த்து வைத்த குறிப்புகளை இங்கே ஒழுங்குபடுத்துகிறேன்.

முதலில் மலை. போடிமெட்டு, கம்பம்மெட்டு, ராமக்கல்மெட்டு என்று இங்கே எல்லாமே ‘மெட்டு’. மலை ஏறி அந்தப் பக்கம் விழுகிற இடத்துக்கு இங்குள்ள பெயர் அது. அந்தப் பக்கம் முன்பு திருவிதாங்கூர். 1956 மாநிலச் சீரமைப்புக்குப் பிறகு கேரளம். எல்லை மாறினாலும் வேலை மாறவில்லை. தோட்டம் மேலே, தோட்டத்துக்கு வேண்டிய ஆளும் அரிசியும் காய்கறியும் கீழே. அதனால் இந்தப் பள்ளத்தாக்கின் பழைய கேள்வி ஒன்றுதான்: எதையும் எப்படி மேலே ஏற்றுவது?

ஒவ்வொரு காலமும் இதற்கு ஒரு பதில் சொன்னது. 1887ல் தொடங்கி 1895ல் திறக்கப்பட்ட பெரியாறு அணைக்கு வேண்டிய சாமான்கள் அம்மையநாயக்கனூர் ரயில் நிலையத்தில் இறங்கி, மாட்டு வண்டியில் மலையடிவாரம் வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் மேலே போயின. வடக்கே மூணாறுத் தேயிலைக்கு வேறு வழி. 1902ல் குண்டளைப் பள்ளத்தாக்கில் மாடு இழுக்கும் ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். 1908ல் அது சிறு ரயிலானது. டாப் ஸ்டேஷன் வரை ரயில், அங்கிருந்து கம்பிவடத்தில் குரங்கணிப் பக்கம் இறக்கி, போடிக்கு வண்டியில். 1924 வெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போனது. மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது 1928ல். வந்து அடிவாரத்தோடு நின்றுவிட்டது.

இனி ஜீப். 1940ல் அமெரிக்க ராணுவம் ஒரு சிறு நாலு சக்கர இழுவை வண்டி வேண்டும் என்று கம்பெனிகளைக் கேட்டது. எடை 1,300 பவுண்டுக்குள் இருக்க வேண்டும், மாதிரி வண்டியை 49 நாளில் கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. பேண்டம் என்ற சின்னக் கம்பெனி, கார்ல் ப்ராப்ஸ்ட் என்ற பொறியாளரை வைத்துக் கட்டி, செப்டம்பர் 23 அன்று மேரிலாந்தில் உள்ள ஹோலபேர்ட் முகாமில் கொண்டுவந்து நிறுத்தியது. ராணுவம் அதை மூன்று வாரம், 3,000 மைலுக்கு மேல், காடு சேறு மேடு என்று ஓட்டியது. எங்கே உடையுது என்று பார்ப்பதற்காகவே ஓட்டினார்கள். எது விரிசல் விட்டது, எது தாங்கியது என்று எழுதி வைத்தார்கள். 1,300 பவுண்டில் உருப்படியான வண்டி வராது என்று தெரிந்ததும், வரம்பையே 2,160 பவுண்டாக ஏற்றிவிட்டார்கள். உண்மை விதியோடு மோதியபோது விதியைத்தான் மாற்றினார்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

அந்த வரிசையில் வந்த வில்லிஸ் வண்டியின் முன்-பின் சக்கர இடைவெளி 80 அங்குலம். ராணுவக் கணக்கில் அது ‘கால் டன்’ வண்டி. அமெரிக்க டன்னில் கால் பங்கு 500 பவுண்டு, நம்ம கணக்கில் சுமார் 227 கிலோ. 

1945ல் ‘மஹிந்திரா அண்ட் முகமது’ என்று தொடங்கிய நிறுவனம், கூட்டாளி குலாம் முகமது பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சராகப் போன பிறகு, 1948ல் ‘மஹிந்திரா அண்ட் மஹிந்திரா’ ஆனது. வில்லிஸ் உரிமத்தில் பம்பாயில் ஜீப்பைக் கோத்துக் கொடுத்தார்கள். உயரமான மூக்கு வைத்த சி.ஜே. 3பி இங்கே பல பத்தாண்டு ஓடியது. பிறகு டீசல் இன்ஜின் வந்தது. எம்.எம். 540, கமாண்டர், மேஜர் என்று பெயர்கள் நீண்டன. கூடவே வண்டியும் நீண்டது. பின்னால் எதிரெதிரே இரண்டு பெஞ்சு போட்ட கமாண்டர்தான் மலையோர ஊர்களின் வண்டி ஆனது.

கம்பெனி நீட்டியது ஒரு பங்கு. மிச்சத்தைப் பட்டறை பார்த்துக்கொண்டது. பின்பக்கம் ஸ்பிரிங் பட்டை ஒன்றிரண்டு கூடும். தொங்கி நிற்க இரும்புப் படி, பிடிக்கக் கம்பி. மேலே சாமான் கேரியர், பக்கத்தில் தார்ப்பாய். சில வண்டிகளில் பின்பாடியே ஒரு முழம் வெளியே நீளும். பல வருஷமா ஜீப் வேலை பார்க்கிற ஒரு மெக்கானிக்கிடம், “எதுக்குண்ணே இவ்வளவு நீளம்?” என்று கேட்டேன். “வண்டிக்காக நீட்டலப்பா, ஆளுக்காக நீட்டுனது” என்றார்.

நீட்டினால் என்ன ஆகும் என்பது எளிய கணக்கு. பின் அச்சுக்குப் பின்னால் சுமை கூடக்கூட, வண்டி துலாக்கோல் மாதிரி ஆகிறது. அச்சுதான் நடுப்புள்ளி. பின்னால் ஆள் ஏறினால் முன்னால் எடை குறையும். மேடு ஏறும்போது இன்னும் குறையும். ஸ்டீயரிங் ‘லேசாகிவிடும்’, டிரைவர் ஒடித்தாலும் முன் சக்கரத்துக்குப் பிடிமானம் இருக்காது. கொண்டை ஊசி வளைவில் அதுதான் ஆபத்து. இறக்கத்தில் வேறு தொந்தரவு. பழைய ஜீப்பில் நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடேறிப் பிடிக்காமல் போகும். அதனாலதான் பழைய டிரைவர்கள், ஏறுன கியர்லயே எறங்கணும் என்பார்கள். ஸ்பிரிங் பட்டை கூட்டினால் பின்பக்கம் அமுங்காது. ஆனால் குலுக்கலை வாங்கிக்கொள்ளவும் அதில் ஒன்றுமில்லை. அந்த வேலை உட்கார்ந்திருப்பவர் முதுகுக்குப் போய்விடுகிறது.

ஒருமுறை கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு வரை அப்படி ஒரு ஜீப்பில் போனேன். எனக்கு முன் சீட் கொடுத்தார்கள், விருந்தாளி என்று. பின்னால் எத்தனை பேர் என்று எண்ண ஆரம்பித்து, மடியில் உட்கார்ந்தவர்களை எப்படி எண்ணுவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன். மேலே இறங்கியதும் ஒரு அக்காவிடம், பயமா இல்லையா என்று கேட்டேன். “பயந்தா வேலைக்குப் போக முடியுமா தம்பி? இந்த வண்டிய விட்டா அடுத்தது நாளைக்குத்தான்” என்றார்.

ஜீப்காரருக்கு ஒரு நடைக்குக் காசு. டீசலும் தேய்மானமும் போகக் கட்டுபடியாக ஆள் வேண்டும். தோட்டத்துக்கு விடிந்ததும் ஆள் வேண்டும். வேலைக்குப் போகிறவருக்கு ஒருநாள் கூலி போகக்கூடாது. இந்த மூன்றும் சேர்ந்து வண்டியின் நீளத்தைத் தீர்மானித்தன. ஆளுக்கு 50 கிலோ என்று குறைத்து வைத்தாலும் 15 பேர் 750 கிலோ. நீளமான ஜீப் கால் டன்னுக்கு மேல் தாங்கும்படி செய்ததுதான், மறுக்கவில்லை. ஆனால் அது தாங்குகிற இடமும் இந்த வளைவுகளும் ஒன்றல்ல.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது? 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. சரியான சட்டம்தான். ஒரு முழம் நீட்டின பாடி சாலையில் ஓடக்கூடாது. ஆனால் சட்டத்தின் கண்ணுக்குத் தெரிவது நீட்டின பாடி மட்டும்தான். எதற்காக நீட்டினார்கள் என்பது அதற்குத் தெரியாது. சோதனை கெடுபிடியாகும் வாரத்தில் ஆள் எண்ணிக்கை குறையும், பிறகு பழையபடி ஏறும். அந்தப் பெண்கள் வேலைக்குப் போக விடியற்காலையில் வேறு வண்டி இல்லாதவரை அப்படித்தான் நடக்கும்.

இதே மலையின் இன்னொரு ஜீப்பையும் சொல்லிவிடுகிறேன். கொழுக்குமலை தேனி மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் வண்டியில் போக வேண்டுமென்றால் போடிமெட்டு ஏறி, கேரளத்துச் சூரியநெல்லி போய், அங்கிருந்து ஜீப்பில்தான் போக வேண்டும். கல்லும் குழியுமான அந்தப் பாதையில் குலுங்குவதற்காகவே இப்போது ஊரிலிருந்து வந்து காசு கொடுக்கிறோம். அதே வண்டி, அதே குலுக்கல். நமக்கு அது அனுபவம், காலையில் ஏறிய அக்காவுக்கு வேலைக்குப் போகிற வழி.

ஹோலபேர்டுக்குத் திரும்புகிறேன். அங்கே வண்டியை ஓட்டி உடைத்தபோது, உடைந்ததை எழுதினார்கள். எழுதினதால் வண்டி திருந்தியது, விதியும் திருந்தியது. நம்ம மெட்டுகளில் அந்தச் சோதனை பல பத்தாண்டாக தினமும் இரண்டு தடவை நடக்கிறது. முடிவுகள் இல்லாமல் இல்லை. எந்த வளைவில் முன்பக்கம் லேசாகும் என்பது டிரைவருக்குத் தெரியும். எந்த இடத்தில் சேசிஸ் விரிசல் விடும் என்பது வெல்டிங் போடுகிறவருக்குத் தெரியும். பெஞ்சின் எந்த ஓரத்தில் உட்கார்ந்தால் இடுப்பு வலிக்கும் என்பது அந்த அக்காவுக்குத் தெரியும். இதை யாராவது உட்கார்ந்து கேட்டு எழுதினால், ‘இந்த மலைக்கு இத்தனை பேருக்கு இந்த வண்டி, இந்த நேரத்துக்கு இந்த பஸ்’ என்று ஒரு பதில் கிடைக்கும். கம்பிவடமும் சிறு ரயிலும் தேயிலைக்கும் அணைச் சாமான்களுக்குமாகக் கணக்குப் போட்டுக் கட்டப்பட்டவை. ஆளை ஏற்றுவதற்கு அப்படி ஒரு கணக்கு இன்னும் போடவில்லை. அதுவரை பட்டறைதான் நீட்டிக்கொண்டிருக்கும்.

தேவாரம், கோம்பை, கூடலூர்ப் பக்கம் பழைய ஜீப் ஓட்டியவர்கள், பட்டறை வைத்திருந்தவர்கள் உங்கள் வீட்டில் யாராவது இருந்தால் கேட்டு எழுதி வையுங்கள். வயசானவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது.