குவெற்றாப் பூமியதிர்ச்சியும் அரசியல் ஐயமும்

1935ஆம் ஆண்டு மே மாதம் 31ஆந் திகதி விடியற்காலை மூன்று மணியளவிற் பிரித்தானிய பலுச்சித்தானத்தின் தலைநகராகிய குவெற்றா சில கணங்களில் மண்மேடாயிற்று. மக்கள் அயர்ந்துறங்கிய வேளை அது. வீடுகளோ செங்கல்லைச் சேற்றுச் சாந்தினாற் பொருத்தி, மேலே கனத்த கூரை ஏற்றியவை. இறந்தோர் தொகையைக் குறைத்து மதிப்பிடுவோர் 30,000 என்பர். கூட்டி மதிப்பிடுவோர் 60,000 என்பர். நகரும், குடியியல் அலுவலர் குடியிருப்பும், விமானப்படையினரின் பாசறையும் ஒருங்கே வீழ்ந்தன. வடபாலிருந்த படைமுகாமின் பெரும்பகுதி மட்டும் பிழைத்தது. இந்தியாவிலிருந்த மிகப் பெரிய படைமுகாம்களுள் ஒன்று அது. ஆதலின், பொழுது புலருமுன்னரே போர்வீரர் இடிபாடுகளிடையே இறங்கி மீட்புப்பணி புரியத் தொடங்கினர்.

நிலத்தின் அடுக்குகள் ஏன் பிறழ்ந்தன என்பதைப் புவியியலார் ஆராய்ந்துள்ளனர். யாம் ஈண்டு ஆராயப் புகுவது அதனைத் தொடர்ந்து நாட்டில் எழுந்த வேறோர் அதிர்ச்சியை.

நகரின் பொறுப்பு தளபதி காஸ்லேக் என்பாரிடம் ஒப்புவிக்கப்பட்டு, இராணுவச் சட்டம் பிரகடனஞ் செய்யப்பட்டது. உயிர் பிழைத்தோர் குதிரைப்பந்தயத் திடலில் அமைத்த முகாமிற் சேர்க்கப்பட்டுப் பின்னர் புகைவண்டி மூலம் பஞ்சாபுக்கும் சிந்துவுக்கும் அனுப்பப்பட்டனர். சில நாட்களுள் இடிந்த நகர் முற்றாக அடைக்கப்பட்டது; உள்ளே தோண்டும் வேலை நின்றது; வெளியார் எவரும் அனுமதியின்றிக் குவெற்றாவுக்கு வரலாகாதெனத் தடை பிறந்தது. காந்தியடிகளும் இராசேந்திர பிரசாதும் அங்கு செல்ல அனுமதி கேட்டனர். இருவருக்கும் அது மறுக்கப்பட்டது.

அரசாங்கம் கூறிய காரணங்கள் வெளிப்படையானவை. ஆனி மாத வெயிலில் ஆயிரக்கணக்கான பிணங்கள் அழுகிக் கொள்ளைநோய் பரவும். நீரும் உணவும் உள்ளவர்க்கே போதா. ஒற்றை இருப்புப்பாதை அகதிகளை வெளியேற்றுதற்கே பற்றாது. இவற்றுள் யாதும் புனைந்துரையன்று. எனினும் நாடு நம்பவில்லை. பத்திரிகைகளும் மேடைகளும் வேறொரு காரணத்தை உய்த்துணர்ந்தன. மக்கள் துயர்துடைக்கும் பெருமை காங்கிரசுக்குச் சென்றுவிடுமென அஞ்சியே அரசாங்கம் வாயிலை அடைத்தது என்பது அக்காரணம். பகையுணர்ச்சியின் பிதற்றல் என இதனைத் தள்ளுவதும், நிறுவப்பட்ட உண்மையென ஏற்பதும் வரலாறு கற்போர்க்கு ஒவ்வா. அவ்வையம் எங்ஙனம் முளைத்தது என்றறிய ஓராண்டு பின்னோக்கிப் பீகாருக்குச் செல்லுதல் வேண்டும்.

1934ஆம் ஆண்டு சனவரி 15ஆந் திகதி, பிற்பகல் இரண்டு மணி கடந்தவுடன், பீகாரின் வடபகுதியும் நேபாளமும் அதிர்ந்தன. மொங்கீர், முசபர்பூர் ஆகிய நகரங்கள் தகர்ந்தன. கங்கைச் சமவெளியின் வயல்களில் நிலம் பிளந்து, நீரும் மணலும் பீறிட்டெழுந்து, விளைநிலத்தை மூடின, கிணறுகள் தூர்ந்தன, கரும்பு வெட்டும் பருவத்தில் ஆலைகள் சிதைந்தன. பீகாரில் மட்டும் ஏழாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். இரவில் நேர்ந்திருப்பின் தொகை பன்மடங்காகியிருக்கும்.

காந்தியடிகள் அப்பொழுது தீண்டாமையொழிப்புப் பிரயாணத்தில் தமிழ் நாட்டிலிருந்தார். சனவரி 24ஆந் திகதி திருநெல்வேலியிற் பேசுகையில், தீண்டாமை என்னும் பாவத்துக்கு இறைவன் அனுப்பிய தண்டனையே பீகார் அழிவு என்று தாம் நம்புவதாகக் கூறினார். இச்சொல் இந்தியாவெங்கும் சலசலப்பை விளைத்தது. கவியரசர் தாகூர் அதனை வன்மையாக மறுத்தெழுத, காந்தியடிகள் அம்மறுப்பைத் தமது ‘அரிசன்’ பத்திரிகையிலேயே 1934 பெப்ரவரி 16ஆந் திகதி இதழில் வெளியிட்டு, தமது விடையையும் உடன் தந்தார். இயற்கை நிகழ்ச்சிக்கு இயற்கையே காரணமாதல் வேண்டும் என்பது தாகூரின் முதல் நியாயம். எமது பொருளுக்கு நெருங்கியது அவர் கூறிய மற்றொன்று: இத்தகைய வாதம் காந்தியடிகளைக் காட்டிலும் அவருடைய எதிரிகளின் மனப்பாங்குக்கே பெரிதும் இசையும் என்றார். அஃது உண்மையே. ஆலயப்பிரவேசத்தை எதிர்த்த வைதிகர், அந்த இயக்கத்தின் மீதே தெய்வம் சினந்ததெனக் கூறுதற்கு யாது தடை? பூமியதிர்ச்சிக்கு நோக்கமொன்றைக் கற்பிக்கப் புகுந்தால் அவரவர் தத்தமக்கு வேண்டிய நோக்கத்தைக் கற்பித்துக்கொள்வர். காந்தியடிகளின் சொல் தாழ்த்தப்பட்டோர் மீதுற்ற பேரன்பிலிருந்து பிறந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் இவ்வழக்கில் எமது தீர்ப்புத் தாகூர் பக்கமே.

தெய்வத்தின் நோக்கம் பற்றிய தருக்கம் இவ்வாறு நடக்க, அரசாங்கத்தின் நோக்கம் பற்றிய ஊகங்களும் தொடங்கின. சட்டமறுப்பு இயக்கம் பெயரளவிலாயினும் நடந்துகொண்டிருந்த காலம் அது. நோயுற்ற கைதியாகப் பாட்னா மருத்துவமனையிலிருந்த இராசேந்திர பிரசாத், பூமியதிர்ச்சிக்கு இரண்டு நாட்களின் பின் விடுவிக்கப்பட்டார். உடனே பீகார் மத்திய நிவாரணக் குழுவை அமைத்து நாடெங்கும் பொருள் திரட்டினார். மறுபுறம் இராசப்பிரதிநிதியின் பெயரால் வேறொரு நிதி திரட்டப்பட்டது. ஒரே துயருக்கு இரு உண்டியல்கள் என்றால், எதில் அதிகம் விழுகின்றதென மக்கள் எட்டிப்பார்த்தல் இயல்பு.

சவகர்லால் நேரு பீகார் சென்று சுற்றினார். மொங்கீரில் இடிபாடு அகற்றுதற்கு மண்வெட்டியுங் கூடையுமாகத் தாமே இறங்கினார். மாகாண அரசாங்கம் மந்தமாக இயங்கியதெனக் குறையுங் கூறினார். அலகபாத்துக்கு மீண்ட மறுநாள், பெப்ரவரி 12ஆந் திகதி, கைது செய்யப்பட்டார். குறைகூறியதன் பயன் இது என்று எண்ணத் தோன்றுகிறதன்றோ? ஆனாற் குற்றச்சாட்டு வேறு. சனவரியில் கல்கத்தாவில் அவர் நிகழ்த்திய பேச்சுக்களின் மீதே வழக்குத் தொடரப்பட்டது. ஈராண்டுச் சிறையும் அதற்கே விதிக்கப்பட்டது. ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்ந்தவற்றைக் காரண காரியமெனக் கொள்ளுதல் அரசியல் ஊகத்தின் முதற்பிழை. அதே வேளையில், ஓர் அரசாங்கம் நிவாரணப் பணியிலிருந்து வந்த ஒருவரை மறுநாளே சிறைப்படுத்திவிட்டு, மக்கள் இரண்டையும் தொடர்புபடுத்தலாகாதென எதிர்பார்ப்பதும் பேதைமையே.

மார்ச்சு மாதத்திற் பாட்னாவில் நிவாரணக் குழு கூடியபொழுது, துயர்துடைக்கும் பணியில் அரசாங்கத்துக்கு மரியாதையோடு கூடிய ஒத்துழைப்பை அளிப்பதென்னுந் தீர்மானத்தைக் காந்தியடிகளே முன்மொழிந்தார். அடுத்த மாதம் சட்டமறுப்பையும் நிறுத்திவைத்தார். ஆகவே, காங்கிரசுத் தொண்டரால் ஆட்சிக்குப் பங்கம் விளையும் என்னும் அச்சத்துக்குப் பீகார் சான்றாகாது. மாறாக, அவ்வச்சத்தைத் தணித்திருக்க வேண்டிய அனுபவம் அது.

குவெற்றா வீழ்வதற்கிடையில் அரசியற்களம் மாறிவிட்டது. 1934 அக்டோபரிற் பம்பாயில் நடந்த காங்கிரசு மகாசபைக்கு இராசேந்திர பிரசாத் தலைவரானார். பீகாரில் அவர் ஆற்றிய தொண்டு மக்கள் மனத்தில் அவரை உயர்த்தியிருந்தது. ஆண்டிறுதியில் நடந்த மத்திய சட்டசபைத் தேர்தலிலும் காங்கிரசு பெருவெற்றி பெற்றது. இங்ஙனம் 1935 யூன் மாதத்திற் குவெற்றா செல்ல அனுமதி கேட்டவர் வெறும் நிவாரணத் தொண்டரல்லர், எதிர்க்கட்சியின் தலைவர். அரசாங்கத்தின் மறுப்பை மக்கள் எவ்வாறு விளங்கிக்கொண்டனர் என்பதற்கு இதனினும் தெளிவான விளக்கம் வேண்டா.

இராணுவச் சட்டம் என்னுஞ் சொல்லுக்கும் அந்நாட்டில் ஒரு நினைவுண்டு. 1919ஆம் ஆண்டிற் பஞ்சாபில் அமிருதசரசுப் படுகொலையைத் தொடர்ந்து அச்சட்டத்தின் கீழ் நடந்தவற்றை மறந்தாரிலர். குவெற்றாவிலிருந்து அகதிகள் வந்திறங்கியதும் அதே பஞ்சாபில். அன்றியும், குவெற்றா ஆப்கானித்தான எல்லையைக் காக்கும் படைநகர், சட்டசபையற்ற மாகாணம். கண்காணா இடத்தில் என்னவும் நடக்கலாம் என்னும் எண்ணம் எளிதிற் பரவியது. வெள்ளையரை முதலில் மீட்டனரா? புதையுண்ட செல்வத்தை எவர் காத்தனர், எவர் கவர்ந்தனர்? எல்லாவற்றுக்கும் மேலாக, தோண்டுவதை நிறுத்திய நாளில் உள்ளே உயிரோடு எத்தனை பேர்? உறவினரைப் புதைகுழியில் விட்டுப் புகைவண்டியேறியவன் கேட்ட வினா இந்தக் கடைசி வினா. ஏனையவற்றை அரசியல் என ஒதுக்கலாம், இதனை ஒதுக்கலாகாது.

நடுநின்று நோக்குமிடத்து, குவெற்றா பீகாரன்று. பீகாரிற் கேடுற்ற நிலப்பரப்பு மிகப் பெரிது. அங்கே அரசாங்கத்தின் கைகள் குறைவு. தொண்டரின்றிப் பணி நடவாது. குவெற்றாவிலோ ஒரு நகரே வீழ்ந்தது. பக்கத்தில் ஒழுங்கும் ஊர்தியும் மருத்துவரும் உடைய படையொன்று நின்றது. முதல் நாட்களிற் போர்வீரர் ஆற்றிய தொண்டு பெரிது. அவர்கள் மீட்ட உயிர்கள் பல. ஆகவே வெளியார் வருகையைக் கட்டுப்படுத்தியதற்கு நியாயமுண்டு. ஆனால் தோண்டுதலை நிறுத்தியதற்கு அவ்வளவு உறுதியான நியாயம் இல்லை. இடிபாட்டுட் பல நாட்கள் கிடந்தும் உயிருடன் மீட்கப்பட்டோர் சிலர் உளரென்பதைப் பின்வந்த பூமியதிர்ச்சிகள் காட்டியுள்ளன. 2010ஆம் ஆண்டில் எயிற்றி நாட்டிற் பதினைந்து நாட்களின் பின்னும் ஒரு பெண் மீட்கப்பட்டாள். எனினும் அத்தகையோர் மிகச் சிலரே. வெயிலும் நோயச்சமும் எதிரே நின்றன. தளபதி தவறிழைத்தார் என்று கொண்டாலும், அது பிழைபட்ட கணிப்பு என்பதற்கு மேலாக, அரசியற் சூழ்ச்சி என்று நிறுவுதற்குச் சான்று போதாது.

காந்தியடிகளுக்கும் இராசேந்திர பிரசாதுக்கும் விடுத்த மறுப்பு வேறு வகையினது. இருவர் வந்தால் நீர் வற்றாது, உணவு தீராது, இருப்புப்பாதை நெரியாது. கூறிய காரணங்கள் ஆயிரம் பேருக்குப் பொருந்தும், இருவருக்குப் பொருந்தா. இவ்விடத்தில் மக்களின் ஊகம் இலக்கை அணுகியது என்றே கொள்ளல் வேண்டும். தலைவரிருவரும் வந்து பார்த்துத் திரும்பியிருப்பின், நோயச்சம் மெய்யென அவர்களே நாட்டுக்குச் சொல்லியிருத்தல் கூடும். அரசாங்கத்துக்கு அதனினும் சிறந்த சாட்சிகள் கிடைத்திரார்.

அதற்கு மாறாக அரசாங்கம் பத்திரிகைகளின் மீது பாய்ந்தது. குவெற்றா பற்றி எழுதிய பத்திரிகைகள் சிலவற்றிடம் 1931ஆம் ஆண்டின் அவசர அதிகாரப் பத்திரிகைச் சட்டத்தின்படி பிணைப்பணம் கேட்கப்பட்டது. ஐயத்தை விடையளித்துத் தீர்க்காமல் அச்சுக்கூடத்தை மிரட்டித் தீர்க்க முயன்றதனால், வினாவாக இருந்தது முடிபாயிற்று. இராசேந்திர பிரசாத் குவெற்றாவுக்கு வெளியே சிந்துவிலும் பஞ்சாபிலும் நிவாரணக் குழுக்களை நிறுவி, வந்துசேர்ந்த அகதிகளுக்குப் பணியாற்றினார். வாயிலை அடைத்தும் அவர் தொண்டை நிறுத்த முடிந்திலது.

இவ்வாரவாரத்தில் ஒரு வினா ஏறக்குறைய மறைந்தே போயிற்று. குவெற்றாவுக்கு இது முதல் எச்சரிக்கையன்று. 1931 ஓகத்து 27ஆந் திகதி, போலன் கணவாயிலுள்ள மச் என்னுமிடத்தை அண்டி ஒரு பெரும் பூமியதிர்ச்சி நிகழ்ந்தது. அதன்பின் வடமேற்கு இருப்புப்பாதைப் பகுதியினர், குமார் என்னும் இந்தியப் பொறியியலாளரைக் கொண்டு, அதிர்ச்சியைத் தாங்கும் வீடுகளைத் தம் ஊழியருக்கெனக் குவெற்றாவிற் கட்டினர். அவர் 1933இல் அக்கட்டட முறையை விளக்கி ஒரு கட்டுரையும் எழுதி, இந்தியாவில் எவ்வெப் பகுதிகள் அபாயத்துக்குரியன என்று காட்டும் படமொன்றையும் அதிற் சேர்த்தார். 1935இல் நகர் முழுதும் வீழ்ந்தபொழுது அவ்வீடுகள் நின்றன.

அறிவு இருந்தது, கட்டும் முறையும் இருந்தது, பயன் இருப்புப்பாதை ஊழியர் சிலரோடு நின்றது. கடைவீதியிலும் குடியிருப்பிலும் சேற்றுச் சாந்துச் சுவர்களே நான்காண்டுகளும் நின்றன. அவற்றை மாற்றும்படி நகரத்தாரை வற்புறுத்தும் விதி ஒன்றும் இல்லை. யூன் மாதத்தில் வாயிலை ஏன் அடைத்தீர் என்று அரசாங்கத்தைக் கேட்டோர் பலர். முந்திய நான்காண்டுகளில் ஏன் வாளாவிருந்தீர் என்று கேட்டோர் அரியர். பின்னைய வினாவுக்கு மறைவான நோக்கம் எதனையும் ஊகித்தல் வேண்டா. குற்றம் கண்முன்னே கிடந்தது. சூழ்ச்சியில் உள்ள சுவை அசட்டையில் இல்லாமையாற் போலும், மேடைகள் அதனை எடுத்துக்கொள்ளவில்லை.

குவெற்றா நகரைத் திருப்பிக் கட்டுகையிற் கட்டட விதிகள் வகுக்கப்பட்டு 1937இல் நடைமுறைக்கு வந்தன. தென்னாசியாவில் அவ்வகையில் முதன்மையானவற்றுள் வைத்து எண்ணப்படுவன அவை. சுவரின் உயரம், சாந்தின் தன்மை, கூரையின் பாரம், சுவர்களைச் சுற்றிப் பிணைக்கும் பட்டை ஆகிய யாவும் அவற்றில் வரையறுக்கப்பட்டன. பத்தாண்டு கழிந்து நகரம் பாக்கித்தானுக்கு உரியதாயிற்று.